முகவரி உங்களுடையதாக இருக்கட்டும்: அந்தரங்கம் காக்கும் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

2024 நவம்பர் 1. மொரீசியஸில் தேர்தலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சுகள் ஒவ்வொன்றாக இணையத்தில் கசிந்துகொண்டிருந்தன. அன்று சமூக ஊடகங்களை 11-ஆம் தேதி வரை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே அதை விலக்கிக்கொண்டார்கள். அந்த வாரம் எபேனில் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. பள்ளியில் தமிழ் படித்து, என்னோடு தமிழிலேயே பேச விரும்பும் தம்பி ஒருவன் அங்கே கேட்டான்: "அண்ணா, போன் போகட்டும். நம்ம மெயில் பத்திரமா?"

அவனுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக மெயில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் வேலை. ஒரு சேவையின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது அவனுக்குச் செய்யும் உதவியாகாது என்று தெரியும். அடுத்தடுத்த நாட்களில் அவனோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். டிஎன்எஸ் பதிவு (ஒரு டொமைனின் சர்வர் எது என்று சொல்லும் குறிப்பு) என்றால் என்ன, ஐமேப் (சர்வரில் இருக்கும் கடிதத்தை எந்த நிரலிலும் படிக்கும் நெறிமுறை) என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கான வழிகாட்டி இது.

படி 1: யாரிடமிருந்து காக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். விளம்பர நிறுவனம் உங்கள் ரசீதுகளைப் படிக்கக் கூடாது என்பது ஒரு தேவை. சேவை நிறுவனத்தின் சர்வரை யாராவது உடைத்தாலும் உங்கள் கடிதங்கள் வெளியே போகக் கூடாது என்பது வேறு தேவை. யாஹூவில் 2013-ல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. நாமெல்லாம் சாதாரண ஆட்கள், நம்மை யார் உடைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அந்த எண்ணிக்கைக்கு முன்னால் நிற்காது.

மூன்றாவது, அரசு. இந்தத் தீவில் அது வெறும் கற்பனை பயமல்ல. 2021 ஏப்ரலில் இங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் ஒரு கருத்துக்கேட்பு அறிக்கை வெளியிட்டது. சமூக ஊடகப் போக்குவரத்தை ஒரு இடைச் சர்வர் வழியாகத் திருப்பி, மறையாக்கத்தை அவிழ்த்துப் பார்க்கலாம் என்பது அதில் இருந்த யோசனை. அது நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு, மொரீசியஸ் டெலிகாமின் தலைவர் பதவியிலிருந்து விலகியவர், பே டு ஜாக்கோத்தேயில் சேஃப் கடலடிக் கேபிள் கரையேறும் நிலையத்தில் போக்குவரத்தைக் கவனிக்கும் கருவி வைக்க வெளி ஆட்களை அனுமதிக்கும்படி தன்னிடம் சொல்லப்பட்டதாகக் குற்றம் சாட்டினார். அன்றைய பிரதமர் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்வது என் வேலையல்ல. தென்னாப்பிரிக்காவுக்கும் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிற போக்குவரத்து சில கேபிள்களில் அடங்கிவிடுகிற ஒரு தீவில் இருக்கிறோம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சேவையைத் தேர்ந்தெடுங்கள்.

சட்டமும் உங்களுக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017, 2018 ஜனவரியிலிருந்து இங்கே அமலில் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதப் பெட்டி ஐரோப்பாவில் இருந்தால், முதலில் பேசுவது அந்த நாட்டுச் சட்டம்.

நீங்கள் பத்திரிகையாளராகவோ வழக்கறிஞராகவோ இருந்து, உயிரோ வேலையோ போகிற அளவுக்கு ரகசியம் வைத்திருந்தால், தயவுசெய்து அதை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அதற்கு சிக்னல் என்ற செய்தி ஆப் இருக்கிறது. ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

படி 2: ஒரு கடிதத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள்

எந்தச் சேவை என்று தேடுவதற்கு முன்னால், இப்போது வைத்திருக்கும் பெட்டியில் ஒரு கடிதத்தின் மூலத்தை, அதாவது சர்வர்களின் குறிப்புகளோடு இருக்கும் அசல் வடிவத்தை, திறந்து, தலைப்பகுதியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். தம்பியை நான் முதலில் செய்யச் சொன்னது இதைத்தான்.

கத்ர் போர்னிலிருந்து அவன் சித்தப்பா அனுப்பிய கடிதம் அது. தீமிதிக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டு இரண்டே வரி. ரோஸ் ஹில்லில் அவன் இருக்கும் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். மூலத்தில் ஏழு 'ரிசீவ்டு' வரிகள் இருந்தன; கடிதத்தை வாங்கும் ஒவ்வொரு சர்வரும் மேலே சேர்க்கும் வரி அது. அடியில் இருந்த முதல் வரியில் சித்தப்பா வீட்டு ரூட்டரின் ஐபி முகவரி. அதே வரியில் அவர் கணினிக்கு வைத்திருந்த பெயர். அது அவர் பேத்தியின் பெயர். அதற்கு மேல் வரிகளில் ஐரோப்பிய சர்வர்கள். நேர முத்திரைகளைப் பார்த்தால் உலகப் பொது நேரத்திலிருந்து 4 மணி நேர வித்தியாசத்தில் ஒன்று, 2 மணி நேர வித்தியாசத்தில் ஒன்று. பக்கத்து ஊர்க் கடிதம் கடலுக்கு அடியில் போய், கண்டம் தாண்டித் திரும்பி வந்திருந்தது. கடைசியில் பொருள் வரி: 'சனிக்கிழமை தீமிதி'. பூட்டு எதுவும் இல்லாமல் அப்படியே நின்றது.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மின்னஞ்சலின் இயல்பே இதுதான். 1982-ல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறை கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதற்காகச் செய்தது, மறைப்பதற்காக அல்ல. யார், யாருக்கு, எப்போது என்பதைத் தெரியாமல் சர்வரால் கடிதத்தைச் சேர்க்க முடியாது. எந்தச் சேவைக்குக் காசு கொடுத்தாலும் இந்த மூன்றும் முழுக்க மறையாது. 1991-ல் பில் ஜிம்மர்மன் தந்த பிஜிபி என்ற மறையாக்க நிரல் உள்ளடக்கத்தைப் பூட்டுகிறது. வழக்கமான பயன்பாட்டில் பொருள் வரியைப் பூட்டுவதில்லை. ரகசியம் பேச மெயில் வேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

நல்ல சேவை என்ன செய்யும்? உங்கள் வீட்டு ஐபியை அந்த அடி வரியிலிருந்து நீக்கும். வந்து சேர்ந்த கடிதத்தைத் தன்னாலும் படிக்க முடியாதபடி வைக்கும். அடுத்த சர்வரோடு டிஎல்எஸ் (வழியில் போகும்போது போடும் பூட்டு) இல்லாமல் பேச மறுக்க ஒரு வழி தரும். இதற்கு மேல் சொல்கிற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

படி 3: முதலில் டொமைன் வாங்குங்கள்

டொமைன் என்பது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் என்றால், அதை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

என் மாமனார் ஏறக்குறைய பதினைந்து வருடம் ஒரே முகவரியை வைத்திருந்தார். இணைய இணைப்போடு சேர்த்து அந்த நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. வீடு மாறினார், இணைப்பை மாற்றினார்; சில மாதத்தில் முகவரி செத்துப்போனது. ரெயூனியனில் இருக்கும் அவர் அக்கா மகன் தன் கல்யாணப் பத்திரிகையை அந்த முகவரிக்குத்தான் அனுப்பியிருந்தான். பதில் வரவில்லை என்று இரண்டு குடும்பமும் ஒரு வருடம் பேசாமல் இருந்தது. கடிதப் பெட்டி நம் வீட்டில் இருந்தாலும் வாசல் இன்னொருவர் பெயரில் இருந்தால் இதுதான் கதி.

தனியுரிமைச் சேவைகளும் சாகும். சிடெம்ப்ளர் 2022-ல் கடையை மூடியது. ஸ்கிஃப் அழகான சேவை, நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். 2024 பிப்ரவரியில் நோஷன் நிறுவனம் வாங்கியது, ஆறு மாதத்தில் மூடினார்கள். சேவையின் பெயரில் முகவரி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் போய் மாற்ற வேண்டியிருந்தது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் எம்எக்ஸ் பதிவை (கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) மாற்றிவிட்டு அன்று மாலையே வேறு சேவையில் கடிதம் வாங்கினார்கள்.

டொமைன் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. டாட் எம்யூ என்று ஊர் அடையாளத்தோடு வைத்துக்கொள்ள ஆசை வரும், எனக்கும் வந்தது. விலையையும் புதுப்பிக்கும் விதிகளையும் பார்த்துவிட்டு, வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய முகவரிக்கு டாட் நெட் எடுத்துக்கொண்டேன். பெயர் சின்னதாக, போனில் சொன்னால் எழுதக்கூடியதாக இருக்கட்டும். பிரெஞ்சிலும் கிரியோலிலும் எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பாருங்கள்; இங்கே வங்கிக் கவுன்டரில் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாம். ஆனால் முகவரியின் முழுப் பாதையிலும் யூனிகோடை ஏற்கும் சர்வர்கள் இன்னும் குறைவு. கடிதத்தைத் தமிழில் எழுதுவோம், முகவரி லத்தீன் எழுத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று, பலர் விழும் பள்ளம். டொமைன் பதிவாளரிடம் உங்கள் தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் மெயில் நிற்கும். மெயில் நின்றால் 'புதுப்பியுங்கள்' என்ற எச்சரிக்கை வராது. கடவுச்சொல்லை மீட்கவும் முடியாது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. பதிவாளர் கணக்குக்கு மட்டும் வேறு ஒரு சேவையில் தனி முகவரி வைத்து, அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். உங்கள் டொமைனைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் எல்லாக் கணக்கையும் மீட்டெடுக்கலாம். அதனால் வங்கிக் கணக்கை விடப் பத்திரமாகப் பாருங்கள்.

படி 4: சாவி யார் கையில் இருக்கிறது?

'மறையாக்கம் உண்டு' என்று எழுதாத சேவையே இப்போது கிடையாது. அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, சாவி யாரிடம் என்று மட்டும் கேளுங்கள். வழியில் போகும்போது டிஎல்எஸ் பூட்டு இருக்கிறது, சரி. வட்டில் எழுதும்போது பூட்டி, சாவியை நிறுவனமே வைத்துக்கொண்டால், வட்டைத் திருடினவனுக்குப் படிக்க முடியாது. நிறுவனத்துக்குப் படிக்க முடியும். உங்கள் கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவியால் பூட்டினால், வைத்திருக்கும் கடிதத்தை நிறுவனத்தாலும் திறக்க முடியாது. ஆனால் அடுத்த சேவையிலிருந்து வரும் சாதாரணக் கடிதம் அவர்கள் சர்வருக்குள் நுழையும் அந்த நொடியில் திறந்துதான் இருக்கும். அனுப்புபவர் கணினியிலேயே பூட்டி உங்கள் கணினியில் திறந்தால்தான் முனைக்கு முனை மறையாக்கம்.

வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கனடாவின் ஹஷ்மெயில், பூட்டுவதையும் திறப்பதையும் தன் சர்வரில் செய்துகொண்டிருந்தது. நீதிமன்ற உத்தரவு வந்ததும் சில வாடிக்கையாளர்களின் கடிதங்களைத் திறந்த நிலையில் கொடுத்தது 2007-ல் வெளியே வந்தது. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாவாபிட் மெயில் சேவையின் நிறுவனர் லேடர் லெவிசன், டிஎல்எஸ் தனிச்சாவியையே அரசு கேட்டபோது சேவையை மூடிவிட்டார். ஒரு சாவி போனால் எல்லா வாடிக்கையாளரும் போவார்கள் என்பதால் மூடினார். 2020-ல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம், மிரட்டல் வழக்கில் சிக்கிய ஒரு பெட்டிக்கு வரும் கடிதங்களைக் கண்காணிக்க டுடாநோட்டா என்ற மெயில் சேவைக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே பூட்டி வைத்திருந்ததை அவர்களால் கொடுக்க முடியவில்லை. புதிதாக, பூட்டில்லாமல் நுழைந்ததைக் கொடுக்க முடிந்தது. 2021-ல் புரோட்டான் என்ற சுவிஸ் மெயில் சேவை, அந்நாட்டு அதிகாரிகளின் உத்தரவுக்குப் பணிந்து பிரான்ஸ் நாட்டுப் பருவநிலைப் போராளி ஒருவரின் ஐபியைப் பதிவு செய்து கொடுத்தது. கடித உள்ளடக்கம் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு 'அப்போ எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்' என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் உத்தரவை மீற முடியாது. ஆனால் தன்னிடம் இல்லாததை யாராலும் கொடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சேவையின் வெளிப்படைத்தன்மை அறிக்கையையும் எடுத்து, உத்தரவு வந்தபோது எதைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். மீட்பு முகவரியாக நீங்கள் கொடுத்த வேறு மெயிலும் அதில் அடங்கும். 2024-ல் ஸ்பெயின் வழக்கு ஒன்றில் புரோட்டானிடமிருந்து போனது அதுதான்.

படி 5: எந்தச் சேவை?

டொமைன் கையில் இருப்பதால் இனி பதற்றம் வேண்டாம். தவறாகத் தேர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

புரோட்டான் மெயில்: செர்ன் ஆய்வகத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் 2014-ல் தொடங்கியது, ஜெனீவாவில் இருக்கிறது. உள்ளே பிஜிபியின் பொதுத் தரமான ஓப்பன்பிஜிபி என்பதால், வெளியே பிஜிபி பயன்படுத்துபவரோடும் பூட்டிய கடிதம் பரிமாறலாம். பொருள் வரி மட்டும் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. தண்டர்பேர்ட் போன்ற மெயில் நிரலில் படிக்க வேண்டுமானால் பிரிட்ஜ் என்ற நிரல் கணினியில் ஓட வேண்டும், அது கட்டணக் கணக்குக்கு மட்டும். தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். அம்மாவுக்கும் தங்கைக்கும் கணக்குத் தொடங்கிக் கொடுக்கப் போகிறான்; அவர்களுக்கு போன் ஆப் எளிமையாக இருக்க வேண்டும்.

டுடா: ஹனோவர், ஜெர்மனி. 2023 வரை டுடாநோட்டா என்ற பெயர். பொருள் வரியையும் நாட்காட்டியையும் பூட்டுகிறது. 2024-ல் குவான்டம் கணினியைத் தாங்கும் மறையாக்கத்துக்கு மாறத் தொடங்கினார்கள். பிஜிபி கிடையாது, ஐமேப் கிடையாது. அவர்கள் ஆப்பிலேயே வாழ வேண்டும். கட்டளை வரியில் மெயில் படிக்கும் ஆளுக்கு இது மூச்சு முட்டும்.

மெயில்பாக்ஸ் டாட் ஆர்க்: பெர்லின். நான் பயன்படுத்துவது. தூய ஐமேப், சொந்த டொமைன், எந்த நிரலிலும் படிக்கலாம். பூட்ட மட்டும் உதவும் உங்கள் பொதுச்சாவியைக் கொடுத்தால் வரும் கடிதத்தையெல்லாம் அதனால் பூட்டி வைக்கும். திறக்க உதவும் தனிச்சாவி என் கணினியில் மட்டும் இருக்கிறது. இதைச் செட் செய்ய ஒரு மாலைப் பொழுது ஆகும். வேலை தெரிந்தவர்களுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். இணைய உலாவியில் படிக்க வசதியாகத் தனிச்சாவியையும் அவர்கள் சர்வரில் வைக்கலாம் என்பார்கள். வைக்காதீர்கள்.

போஸ்டியோவும் பெர்லின்தான், 2009-லிருந்து. மாதம் 1 யூரோ, நம் ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய 50 ரூபாய், சாலையோரத்தில் தால் பூரி சாப்பிடும் காசு. தபாலில் பணமாகவே அனுப்பலாம். ஆனால் சொந்த டொமைனை ஏற்க மாட்டார்கள். நல்ல மனிதர்கள் நடத்தும் நல்ல சேவை, மூன்றாம் படியோடு ஒத்துவராததால் நான் விட்டேன்.

ஃபாஸ்ட்மெயில் பெயரும் வரும். 1999-லிருந்து ஆஸ்திரேலியாவில். வேகம், தேடல், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மாற்று முகவரி என எல்லாம் அருமை. முனைக்கு முனை மறையாக்கம் இல்லை, அதை அவர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள். விளம்பர நிறுவனத்திடமிருந்து மட்டும் தப்பினால் போதும் என்று முதல் படியில் எழுதியிருந்தால் இது போதுமானது.

சொந்த சர்வர் வைக்கலாமே என்று இதைப் படிக்கும் பாதிப் பேர் நினைப்பீர்கள். தொழிலாகச் செய்பவன் சொல்கிறேன்: வீட்டிலிருந்து வேண்டாம். வீட்டு இணைப்பின் ஐபியிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய சேவைகள் குப்பைக்கு அனுப்பும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த நாளில் வீட்டு சர்வரைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? ஒரு ஆறுதல் உண்டு: உங்கள் சர்வர் விழுந்தாலும், அனுப்பும் சர்வர்கள் நான்கைந்து நாளுக்குத் திரும்பத் திரும்ப முயலும்படிதான் நெறிமுறை சொல்கிறது. கற்றுக்கொள்வதற்காக ஒரு வாடகை சர்வரில், முக்கியமில்லாத டொமைனில் நடத்திப் பாருங்கள். வங்கிக் கடிதம் வரும் முகவரியை அதில் வைக்க வேண்டாம்.

படி 6: ஒரு வாரச் சோதனை

காசு கட்டும் முன், இரண்டு சேவையில் சோதனைக் கணக்கு தொடங்கி, ஒரு வாரம் உபயோகியுங்கள்.

முதலில், அங்கிருந்து உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பி மூலத்தைப் பாருங்கள். வீட்டு ஐபி தெரிகிறதா? பிறகு இன்டர்நெட் டாட் என்எல் தளத்தில் அந்தச் சேவையின் டொமைனைக் கொடுத்து மெயில் சோதனை ஓட்டுங்கள். டிஎல்எஸ், அந்தப் பூட்டைக் கட்டாயமாக்கும் டேன், உங்கள் பெயரில் வரும் போலிக் கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் எல்லாவற்றையும் சோதித்து மதிப்பெண் தரும். இங்கிருந்து ஐரோப்பா சர்வருக்கு பிங் (பதில் வரும் நேரத்தை அளக்கும் சின்னத் தகவல்) போனால் திரும்பி வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. ஐமேப் பெட்டியில் ஆயிரம் கடிதம் உள்ள அடைவைத் திறந்து, பொறுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தமிழ்த் தேடலைச் சோதிக்காமல் எதையும் வாங்காதீர்கள். சர்வரால் படிக்க முடியாத பெட்டியில் உள்ளடக்கத் தேடல் உங்கள் கணினியில்தான் நடக்க வேண்டும். கடிதங்களை இறக்கி, உள்ளூரில் அட்டவணை போடும். அது ஆங்கிலத்தை நினைத்து எழுதிய நிரல். 'கோயில்' என்று தேடினேன். 'கோயிலுக்கு' என்று எழுதியிருந்த கடிதம் ஒரு சேவையில் வரவே இல்லை. காரணம் புள்ளி. 'கோயில்' என்ற சொல் ல-வுக்கு மேல் புள்ளியோடு முடிகிறது. 'கோயிலுக்கு' என்பதில் புள்ளி இருக்கும் இடத்தில் உகரக் குறி வந்துவிடுகிறது. கணினிக்கு இவை வேறு வேறு எழுத்து வரிசை. 'கோயி' என்று தேடியதும் வந்தது. இன்னொன்று: ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். பழைய விசைப்பலகை நிரலில் அடித்த கடிதமும் புதிய போனில் அடித்த கடிதமும் இதில் மாறுபடலாம். நல்ல தேடல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தேடும். உங்கள் பெட்டியில் பத்து வருடத் தமிழ்க் கடிதம் இருந்தால், இந்தச் சோதனை ஒன்றே உங்கள் முடிவை மாற்றலாம்.

கடைசியாக, வெளியே போகும் கதவையும் பாருங்கள். எல்லாக் கடிதத்தையும் எம்பாக்ஸ் போல வேறு நிரலிலும் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக இறக்க முடிகிறதா? முடியாத சேவைக்குள் நுழையவே நுழையாதீர்கள்.

படி 7: குடி மாறுவது

வெள்ளிக்கிழமை மாலை தொடங்குங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்-ஐ (மற்ற சர்வர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறைத்து வையுங்கள், தவறு நேர்ந்தால் ஐந்தே நிமிடத்தில் பின்வாங்கலாம். புதிய சேவையில் டொமைனைச் சரிபார்த்து, முகவரிகளை உருவாக்கி முடித்த பிறகே எம்எக்ஸை மாற்ற வேண்டும். முன்னதாக மாற்றினால் வரும் கடிதம் ஆளில்லாத வீட்டு வாசலில் திரும்பிப் போகும்.

எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் கடிதம் அனுப்பலாம் என்ற பட்டியல்) ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பக்கத்தில் சேர்த்து, இரண்டும் செல்லாமல் போனதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்குள் பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. போகும் கடிதத்தில் உள்ள கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் சாவியைச் சேவை தருகிறபடி போடுங்கள். டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பில் வைத்து, அறிக்கைகளை இரண்டு மூன்று வாரம் பார்த்து, உங்கள் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று தெரிந்த பிறகு கடுமையாக்குங்கள்.

பழைய கடிதங்களை ஐமேப்சிங்க் நிரலால் நகர்த்தலாம். புரோட்டானுக்கு என்றால் அவர்களிடமே இறக்குமதி வசதி இருக்கிறது. பழைய பெட்டியை உடனே மூடாமல் ஒரு வருடம் முன்னனுப்பலில் விடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். வரி அலுவலகம், காப்பீடு, ஊரில் இருக்கும் பெரியப்பா.

தளங்களில் முகவரியை மாற்றும்போது ஒவ்வொன்றுக்கும் தனி மாற்று முகவரி கொடுங்கள். சொந்த டொமைனில் இது சுலபம். இல்லையென்றால் சிம்பிள்லாகின் போன்ற சேவை இருக்கிறது, 2022-லிருந்து புரோட்டான் கையில். எந்த முகவரிக்குக் குப்பை வருகிறதோ, அதை விற்றது யார் என்று தெரிந்துவிடும். கணக்கை மீட்க போன் எண்ணைக் கொடுக்காதீர்கள். சிம்மை வேறு ஆள் பெயருக்கு மாற்றி வாங்கும் மோசடி ஒன்றே உங்கள் எல்லா மறையாக்கத்தையும் தாண்டிவிடும். எண் உருவாக்கும் ஆப் அல்லது யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி போடுங்கள், சாவி என்றால் இரண்டாக வாங்குங்கள்.

படி 8: தாளில் எழுதுங்கள்

சாவி உங்கள் கையில் இருக்கிறது என்றால், மறந்தால் திறந்து தர யாரும் இல்லை என்றும் அர்த்தம். கணக்கு தொடங்கும்போது தரும் மீட்புச் சொற்றொடரைத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். புயல் மாதங்களில் கீழ் அலமாரிக்குள் தண்ணீர் வரும் வீடுகள் எத்தனையோ. இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். எழுதிய தாளை வைத்துக் கணக்கை நிஜமாகவே ஒரு முறை மீட்டுப் பாருங்கள். தம்பி எழுதியதில் ஒரு சொல்லில் எழுத்துப் பிழை இருந்தது, மீட்டுப் பார்த்ததால் தெரிந்தது.

வங்கி அட்டை மாறினால் டொமைன் தானாகப் புதுப்பிப்பது நின்றுவிடும், அதை யாரும் கவனிப்பதில்லை. ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் கோயிலில் தரும் தமிழ் நாட்காட்டி சமையலறையில் தொங்குகிறது. தை மாதம் காவடித் தேதிக்குப் பக்கத்தில், டொமைன் காலாவதி தேதியை என் மனைவி சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். பதிவாளர் கணக்கின் உறை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.